மார்கழியில் ஒரு ஓவியக் கண்காட்சி: ஃப்ளெக்ஸுக்கு மாற்று தேடும் முன் பார்க்க வேண்டியவை

மார்கழியில் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து 10 நாள் கண்காட்சி வைக்கப் போகிறீர்கள். 40 ஓவியங்கள், 20 புகைப்படங்கள். சில டெல்லியிலிருந்தும், இரண்டு ஓவியங்கள் லண்டனிலிருந்தும் வருகின்றன. ஃப்ளெக்ஸுக்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம், மிச்சமிருக்கும் சூழல் கேட்டுக்கு மரக்கன்று நட்டு ஈடுகட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கையில் இருக்கும் கொஞ்சம் பணத்தையும் ஆட்களையும் முதலில் எதில் போட்டால் கேடு உண்மையிலேயே குறையும்? அதைச் சரிசெய்துகொண்டால் மற்ற இரண்டுக்கும் விடை சுலபம்.

முதலில் அளவுகள். லண்டனிலிருந்து வரும் இரண்டு ஓவியங்களும் பெட்டியோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8,200 கிலோமீட்டர் தூரத்துக்கு விமானச் சரக்காக வந்தால் ஒரு வழிக்கே ஏறக்குறைய அரை டன் கார்பன் டை ஆக்சைடு. திரும்பிப் போவதையும் சேர்த்தால் ஒரு டன். அதே பெட்டிகள் கப்பலில் வந்தால் சில பத்து கிலோதான். இப்போது விளக்குகளைப் பாருங்கள். 50 வாட் ஹாலஜன் விளக்கு 60 போட்டு தினமும் 10 மணி நேரம் எரித்தால் 10 நாளில் 300 யூனிட். 7 வாட் எல்இடி போட்டால் 42 யூனிட். நம் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று கணக்கிட்டால் மிச்சமாவது 180 கிலோ. இந்தக் கணக்கெல்லாம் தோராயம்தான்; விமானத்தின் வகையையும் கப்பல் போகும் வழியையும் பொறுத்து மாறும். ஆனால் வரிசை மாறாது. இரண்டு ஓவியங்களின் விமானப் பயணம் அரங்கு முழுவதற்குமான விளக்குச் செலவை விழுங்கிவிடும்.

ஆகவே லண்டன் ஓவியங்களைப் பற்றி இன்றே எழுதிக் கேளுங்கள். கப்பலில் வர ஒன்றரை மாதமாவது ஆகும், சுங்கத்துக்கு இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள வேண்டும். கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே படம் கிளம்பினால்தான் இது நடக்கும். கடைசி நேரத்தில் தேர்வு செய்கிற பழக்கம்தான் பெரும்பாலான படங்களை விமானத்தில் ஏற்றுகிறது. காப்பீட்டுக்காரர் கப்பலை ஏற்பாரா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில பாலிசிகளில் கடல் வழிக்குத் தனி விதி இருக்கும். கண்டெய்னருக்குள் வெயிலில் வெப்பம் மிகவும் ஏறும் என்பதால் மெழுகு கலந்த படைப்புகளுக்கும், இன்னும் முழுதாகக் காயாத எண்ணெய் ஓவியங்களுக்கும் கடல்வழி பொருந்தாது. டெல்லிப் படங்களைத் தனித்தனியாகக் கூரியரில் வாங்காமல் ஒரே இடத்தில் சேர்த்து ஒரே லாரியில் வரவழையுங்கள்.

புகைப்படங்களை அனுப்பவே வேண்டாம். கோப்பை வாங்கி இங்கேயே கண்காட்சிப் பிரதி அச்சடித்துக்கொள்ளலாம். எத்தனை பிரதி, என்ன தாள், யார் வண்ணத்தைச் சரிபார்ப்பது, முடிந்ததும் கலைஞரிடம் போகுமா அல்லது அழிக்கப்படுமா என்பதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொண்டால் எந்தச் சிக்கலும் வராது. அழிப்பதென்றால் அழித்ததைப் படமெடுத்து அனுப்புவது வழக்கம்.

அடுத்து, அரங்குக்குள் நீங்கள் கட்டப்போகும் தடுப்புகள். மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், ஆகவே எப்படியும் தடுப்பு வேண்டும். எட்டுக்கு நாலு அடி பிளைவுட், 12 மி.மீ. கனம், ஒன்று 22 முதல் 25 கிலோ இருக்கும். 40 தடுப்பு என்றால் சட்டத்தோடு சேர்த்து ஒரு டன்னைத் தாண்டும். பத்தாம் நாள் இரவு இந்த ஒரு டன் என்ன ஆகிறது என்பதில்தான் உங்கள் கண்காட்சியின் குப்பைக் கணக்கே அடங்கியிருக்கிறது. பச்சை முத்திரை போட்ட பொருளை வாங்கி ஒரு முறை பயன்படுத்தி எறிவதைவிட, சாதாரண பிளைவுட்டைப் பத்துக் கண்காட்சிக்குப் பயன்படுத்துவது எந்தக் கணக்கிலும் மேல். நம் ஊர்ப் பந்தல்காரரைப் பாருங்கள். அவர் எதையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார். சவுக்குக் கம்பை வெட்டாமல் கயிற்றால் கட்டுகிறார், அவிழ்த்தால் அடுத்த ஊருக்குப் போய்விடும். கண்காட்சித் தடுப்பும் அந்த முறையில் அமைய வேண்டும்.

பிரிக்கக்கூடிய தடுப்பைக் கட்டும்போது தவறுவது பெரும்பாலும் மூட்டுகளில்தான். தச்சரிடம் விட்டால் பிசின் போட்டு ஆணி அடிப்பார், ஏனென்றால் அதுதான் வேகம். அப்படிச் செய்ததைப் பிரித்தால் உடைந்துதான் வரும். இரண்டுக்கு ஒன்றரை அங்குல ரீப்பரில் சட்டம் செய்து, பிளைவுட்டை அதன்மேல் ஸ்க்ரூவால் மட்டும் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு தடுப்பையும் அடுத்ததையும் இணைக்க சட்டத்தின் ஓரத்தில் மேல், நடு, கீழ் என மூன்று ஓட்டை, 8 மி.மீ. போல்ட், கையால் திருகும் காது நட். ஓட்டைகளுக்கு ஒரே அட்டை அச்சு வைத்து எல்லாச் சட்டத்திலும் துளைக்க வேண்டும். கண்ணளவில் துளைத்தால் எந்தத் தடுப்பும் எதோடும் சேராது, எண் போட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பிளைவுட்டின் விளிம்பில் நேரடியாக ஸ்க்ரூ ஏற்றினால் மூன்றாவது முறை பிடிக்காது. அடிக்கடி கழற்றும் இடங்களில் மரத்துக்குள் பதியும் இரும்பு நட்டை வைத்துவிடுங்கள், விலை சில ரூபாய்தான். தடுப்புகளை நேர்கோட்டில் நிறுத்தாமல் மடிப்பு மடிப்பாக நிறுத்தினால் அவை தாமே நிற்கும். தாங்கு கட்டையும் மணல் மூட்டையும் பாதியாகக் குறையும். ஆனாலும் கூட்டம் சாயக்கூடிய இடங்களில் கட்டாயம் தாங்கு கொடுங்கள்.

மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். பார்க்க வழவழப்பாக இருந்தாலும் சென்னை ஈரத்தில் ஓரம் உப்பிவிடும், இரண்டாம் முறை ஸ்க்ரூ பிடிக்காது, ஃபார்மால்டிஹைடும் வெளிவிடும். பிளைவுட்டிலும் அந்த வாயு குறைந்த இ1 அல்லது இ0 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பெயின்ட் அடிப்பதற்குப் பதில் காடா துணியைப் போர்த்தி பின்பக்கம் ஸ்டேப்ளர் அடிக்கலாம். துணியை முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும், கஞ்சிக்குப் பூச்சியும் வரும். படங்களை மேல் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டால் தடுப்பில் ஓட்டையே விழாது. சேமிக்கும்போது தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திய கட்டைகளின்மேல் படுக்க வைத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே வளைந்துவிடும். கீழே கட்டை இல்லாவிட்டால் கறையான் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு கவனமாகக் கட்டியதுகூடக் குப்பைக்குப் போகிற இடம் ஒன்று உண்டு. அது பிரிக்கும் இரவு. மறுநாள் காலை 6 மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்றால், ஆட்கள் கடப்பாரையைத்தான் எடுப்பார்கள். 40 தடுப்பை நான்கு பேர் ஒழுங்காகப் பிரித்து, போல்ட்டுகளை டப்பாவில் போட்டு, துணியை மடித்து ஏற்ற ஒரு முழுப் பகல் வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் பிரிப்பதற்கென்று ஒரு நாளைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்கள் மார்கழியில் வைப்பது நல்ல வாய்ப்பு. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் மண்டபக்காரர் அந்த ஒரு நாளைக் குறைந்த வாடகைக்குத் தர மனம் வைப்பார். தச்சருக்குத் தரும் கூலியில் ஒரு பகுதியைப் பிரித்து முடித்த பிறகு தருவதாகப் பேசுங்கள். சூழலுக்காக நீங்கள் செலவிடும் பணத்தில் இந்த ஒரு நாள் வாடகைக்கு ஈடான பலன் வேறு எதிலும் கிடைக்காது என்றே சொல்வேன்.

இப்போது ஃப்ளெக்ஸ். பாலியெஸ்டர் வலையின்மேல் பிவிசி பூசியது அது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் பழைய பிளாஸ்டிக் வாங்குபவர் எடுக்கமாட்டார். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் வரும். கூரைமேல் விரிக்க யாருக்காவது கொடுப்பது குப்பையாவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். படத்தருகே வைக்கும் விளக்கப் பலகைகளிலும் இதே பிரச்சினை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சன்போர்டு பிவிசி நுரை, அதன்மேல் ஒட்டும் வினைலும் பிவிசி, அதற்குமேல் லேமினேஷன். மூன்றும் சேர்ந்தால் எதற்கும் உதவாத ஒரு பலகை.

மாற்று எளிது. விளக்க உரைகளை 300 ஜிஎஸ்எம் கனத் தாளில் அச்சிட்டு, மேலும் கீழும் மெல்லிய மரச்சட்டத்தில் கவ்வவிட்டுத் தொங்கவிடுங்கள். கீழ்ச் சட்டம் இல்லாவிட்டால் ஈரத்தில் தாள் சுருண்டுகொள்ளும். படத்தின் பெயர்ச் சீட்டுகளைக் காடி வெட்டிய மரத்துண்டில் செருகலாம், அடுத்த முறை சீட்டு மட்டும் மாறும். சுவரில் பெரிய எழுத்து வேண்டுமானால் வினைல் வெட்டாமல் தடுப்பில் ஸ்டென்சில் வைத்துப் பெயின்ட் அடிக்கலாம். மைதாப் பசையில் ஒட்டுவதானால் சுவரொட்டி ஒட்டுபவர்கள் போல் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும், இல்லையென்றால் கரப்பான் வரும். அது நஞ்சு என்பதால் கையுறை போட்டுக் கலக்குங்கள். படைப்புகளுக்கு அருகில் எந்தப் பசையும் வேண்டாம். வாசல் பேனரைத் துணியில் ஓவியரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். அமைப்பின் பெயர் ஒரு துணி, தேதியும் இடமும் இன்னொரு துணி என்று பிரித்துவிட்டால் பெரியது வருடக்கணக்கில் உழைக்கும்.

இங்கே உறுதியாகச் சொல்ல முடிந்ததும் முடியாததும் கலந்திருக்கின்றன. ஃப்ளெக்ஸ் மோசம் என்பது உறுதி. ஆனால் ‘மக்கும் ஃப்ளெக்ஸ்’ என்று விற்கப்படுவதை நம்ப வேண்டாம். மக்கும் பிளாஸ்டிக் என்றால் ஐஎஸ் 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் தொழிற்சாலை அளவிலான உரக் கிடங்கின் சூட்டில்தான் அது மக்கும், குப்பைமேட்டில் மக்காது. துணிபோல் இருக்கும் பல அச்சுப் பரப்புகள் உண்மையில் பாலியெஸ்டர். பருத்தித் துணியும் ஒரே முறை பயன்படுத்தினால் நல்லதா என்பது விவாதத்துக்குரியது, பருத்திக்குத் தண்ணீரும் பூச்சிமருந்தும் ஏராளம் போகின்றன. திரும்பப் பயன்படுத்தும்போதுதான் அதற்கு நியாயம்.

இயற்கைப் பொருள் என்ற பெயரில் ஒரு ஆபத்து நுழைவதையும் சொல்லியாக வேண்டும். தென்னங்கீற்று, சணல், வைக்கோல், காடா எல்லாம் தீப்பிடிக்கும். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள், அங்கே கூரை கீற்று. மூடிய மண்டபத்துக்குள் கீற்று வேலைப்பாடு வைக்கவே வைக்காதீர்கள். காடா துணிக்கு வெண்காரம் (போராக்ஸ்) 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு எடுத்து, இரண்டும் சேர்ந்து 1 கிலோ என்றால் 8 முதல் 10 லிட்டர் வெந்நீரில் கரைத்து, துணியை முக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுவது பழைய முறை. ஒரு துண்டை வெட்டி வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தீக்குச்சியை எடுத்ததும் தானே அணைய வேண்டும். துவைத்தால் போய்விடும், மறுபடி முக்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்தக் கரைசலைக் கையாளக் கூடாது. தீயணைப்புத் துறையின் அனுமதிக்கு இது மாற்றாகாது, அதைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

விளக்கும் குளிரும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. 60 ஹாலஜன் விளக்கு 3 கிலோவாட் வெப்பத்தை அறைக்குள் கொட்டும், அதை வெளியேற்றவே ஏறக்குறைய ஒரு டன் ஏசி தேவை. எல்இடிக்கு மாறினால் இரண்டு பக்கமும் லாபம். வண்ணம் காட்டும் திறன் 90க்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாடகைக்கு எடுங்கள், மலிவான எல்இடியில் சிவப்பு செத்துத் தெரியும். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; தாளிலும் துணியிலும் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது நெடுங்காலமாக அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் அளவு. அரங்கின் பொது வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் கண் பழகி 50 லக்ஸே போதும் என்றாகும்.

ஏசி விஷயத்தில் பலர் பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம், ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள் என்பது குளிர்நாடுகளில் பிறந்த அளவு. உலகின் பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிஸோ குழு 2023இல் புதுப்பித்த பசுமை நெறிமுறை, பெரும்பாலான படைப்புகளுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீத ஈரப்பதம், 24 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மாறாமல் இருந்தால் போதும் என்கிறது. சென்னை டிசம்பரில் வெளியே ஈரம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தொடும். ஆகவே 60க்கு இறக்கவே சிரமம். இங்கே முக்கியமானது திடீர் மாற்றத்தைத் தவிர்ப்பது. பகலில் 20 டிகிரியில் உறைய வைத்து இரவு 8 மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துக் கதவைத் திறந்துவைத்தால், ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் சட்டத்தின் பின்னாலும் படியும். பூஞ்சை அங்கேதான் பிடிக்கிறது. தஞ்சாவூர் ஓவியம்போல் பலகைமேல் துணி ஒட்டிச் சுண்ணப் பூச்சுப் போட்ட படைப்புகளுக்கு இது இன்னும் கெடுதல். பலகை அசைய, பூச்சு அசையாமல் உதிரும். 25 டிகிரியில் ஏசி, கூடவே மின்விசிறி, இரவில் கதவு சன்னல் மூடியபடி ஈரமுறிஞ்சும் கருவி ஒன்று ஓட வேண்டும். மின்சாரமும் குறையும், படமும் பிழைக்கும். ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி 5 மி.மீ. இடைவெளி கொடுங்கள்.

இதற்கு ஈரமானி வேண்டும். கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் கருவி போதும், ஆனால் வாங்கியதும் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி 12 மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 70 காட்டினால் இனி 5 கூட்டிப் படிக்க வேண்டும். ஈரப்பதம் 65, 70க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி என்பதை நினைவில் வைத்து, காலை மாலை குறித்துவாருங்கள்.

பெட்டிகளையும் உறைகளையும் படங்கள் வந்து இறங்கும்போதே எண் போட்டு எடுத்துவையுங்கள், திரும்பும்போது அவற்றிலேயே போக வேண்டும். லண்டன் பெட்டி கட்டை மரத்தில் செய்ததானால் மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளைவுட் பெட்டிக்கு அது தேவையில்லை. பபிள் ராப்பைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் அக்ரிலிக் பரப்பின்மேல் நேராகச் சுற்றாதீர்கள். நம் வெயிலில் அக்ரிலிக் இளகி, குமிழின் வட்டத் தடம் படத்தில் பதிந்துவிடும். மூலைகளுக்கு அட்டைக் கவசம் செய்து, உறை படத்தைத் தொடாமல் வையுங்கள். மறுசுழற்சி அட்டையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. வெளியுறைக்கு அது நல்லது, தாள் ஓவியத்தின் முதுகோடு ஒட்டி வைத்தால் அதன் அமிலம் தாளை மஞ்சளாக்கும். அந்த ஒரு அடுக்குக்கு மட்டும் அமிலமற்ற அட்டை வாங்கியே ஆக வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றிச் சுருக்கமாக. மண்டபத்தில் இருக்கும் பெரிய செட்டை உங்கள் சிறிய லோடுக்கு ஓட்டினால் ஒரு லிட்டர் டீசலுக்குக் கிடைக்கும் யூனிட் வெகுவாகக் குறையும். மொத்த லோடைக் கூட்டிப் பார்த்து அதற்கேற்ற சிறியதைக் கேளுங்கள். மின்தடை நேரத்துக்கு விளக்குகள் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடினால் போதும். திறப்பு விழாவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்காமல் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள், பாத்திரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும்.

நான் சொன்னதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல் திறந்தபடி வைக்கும், கலைஞர்களின் சொந்தப் படைப்புகளுக்குப் பொருந்தும். அருங்காட்சியகத்திலிருந்து கடன் வாங்கினால் அவர்களின் ஒப்பந்தத்தில் உள்ள வெப்பமும் ஈரமும்தான் சட்டம். தளர்த்தலாமா என்று கேட்கலாம், நீங்களாகத் தளர்த்தக் கூடாது. வெள்ளியோ ஈயமோ செம்போ மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதானால் பழைய மரமும் துணியும் வாயு விட்டு உலோகத்தைக் கெடுக்கும். 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஓடி வகுத்த சோதனை இதற்கென்றே இருக்கிறது. பொருளையும் வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளையும் ஒன்றாக 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். அதை வீட்டில் செய்ய வேண்டாம், கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள்.

மரக்கன்று நடுவது நல்ல காரியம், நடுங்கள். ஆனால் அதை விமானச் சரக்கின் கணக்கில் கழிக்காதீர்கள். இன்று வெளியான வாயு இன்றே சூடாக்கும்; கன்று பிழைத்து வளர்ந்து அதை உறிஞ்ச பல ஆண்டு ஆகும், பிழைக்குமா என்பதே நிச்சயமில்லை. 2020இல் லண்டனில் தொடங்கிய கேலரி கிளைமேட் கோஅலிஷன், கலைத்துறையின் வெளியேற்றத்தை 2030க்குள் குறைந்தது பாதியாக்க வேண்டும் என்கிறது. அவர்கள் வலியுறுத்துவதும் முதலில் குறைப்பதைத்தான். அவர்களுடைய தளத்தில் இலவசக் கார்பன் கணக்கீடு இருக்கிறது, படங்களின் எடையையும் தூரத்தையும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் குழு செய்யக்கூடிய இன்னொன்று, தடுப்புகளின் அளவையும் எண்ணிக்கையையும் எழுதி, நகரத்தின் மற்ற குழுக்களுக்கும் கல்லூரிகளுக்கும் இப்போதே அனுப்புவது. பொங்கலுக்குப் பிறகு யாருக்காவது தேவைப்பட்டால் மண்டபத்திலிருந்து நேராக அங்கேயே ஏற்றிவிடலாம், கிடங்கு வாடகையும் மிச்சம்.